வீட்டுக்கு வீடு ஒரு ஜெபம்

1

டாக்டர் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: "இதை நீங்கள் முதன்முதலில் கவனித்தது எப்போது?" பதிலுக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கு எதற்கும் மூன்று வரி போதும். கல்யாணமா, மூன்று வரி. சாவா, அதற்கும் மூன்று வரி. நான் நான்கு நாட்களாக அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே கணவர் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியதோடு சரி.

நாங்கள் தாம்பரத்தை விட்டு நெதர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தாறு வருஷம். இவர் ஒரு விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றார். நான் இன்னும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தன் அம்மாவுக்காகக் காத்திருக்கும் தொண்ணூறு வயதுக்காரரிடம் இதோ வந்துவிடுவார் என்று சொல்வது. அதனால் இந்த மறதி நோய் எந்த வழியாக வீட்டுக்குள் வரும் என்று எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு பயம்.

மூன்று வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். இந்த ஊர் டாக்டருக்குப் புரியாதது ஊரில் இருக்கும் உங்களுக்குப் புரியும்.

2

இவர் பெயர் ஞானராஜ். தாம்பரத்தில் எங்கள் சபைக்காரர்களுக்கு இவரை ஜெபத்தால்தான் தெரியும். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி காபி குடித்து, பேசி முடித்து, செருப்பைத் தேடும் நேரத்தில் வீட்டுக்காரர் "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்பார். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூட வேண்டும். மற்றவர்கள் பொதுவாக ஆசீர்வதித்து இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். இவர் பெயர் சொல்லி ஜெபிப்பவர். வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், அவர்கள் எழுதப்போகும் பரீட்சை, மாமியாரின் மூட்டு வலி, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் மகள் என்று ஒருவரும் விடுபட மாட்டார்கள். ஒரு வீட்டில் நாயின் பெயரும் வந்தது. தன் பெயர் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே வந்த பிறகும் தினமும் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பட்டியல் ஓடியது. சேலையூரில் ஆரம்பித்து, அனகாபுத்தூர், பெருங்களத்தூர் என்று போய்க் கேளம்பாக்கத்தில் முடியும். எங்கள் மகள் ஷீபாவுக்குச் சித்தப்பா யார், பெரியப்பா யார் என்ற வித்தியாசம் தெரியாது. ஆனால் சின்ன வயதில் அந்தப் பட்டியலை மட்டும் மூச்சுவிடாமல் சொல்வாள். இப்போது வேறு நகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். பட்டியல் மறந்துபோய்விட்டது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் ஒழுங்காகக் காதில் வாங்கியவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுநாள் என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இவர் இருக்கும்போது நான் எதற்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஒருநாள் பட்டியல் பெருங்களத்தூரோடு நின்றது. மறுபடி சேலையூரிலிருந்து ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதமே குப்பைத் தொட்டியைத் தப்பான கிழமையில் இரண்டு முறை வெளியே வைத்தார். எதிர்வீட்டுக்காரி வந்து பல்லைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். கடை வாசலில் நூறு சைக்கிள்களுக்கு நடுவே தன்னுடையது எது என்று தெரியாமல் நின்றார். இந்த நாட்டில் யாரும் அப்படி நிற்பதுண்டு. ஆனால் இவர் பூட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஷீபாவிடம் சொன்னேன், வயதானால் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்றாள். பல மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, டாக்டர் அலுவலகத்துக்கு இவருக்குத் தெரியாமல் போன் செய்தேன். அவசரமா என்று கேட்டார்கள். அவசரமில்லை என்றேன். ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அதற்குள் நாங்கள் ஊருக்குப் போய் வருவதாக இருந்தது.

3

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி, எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டார். இவர் தயங்காமல் முடிச்சூர் ரோட்டு வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு ஒப்பித்தார். அந்த வீட்டை விற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. இடித்து அடுக்குமாடியும் கட்டிவிட்டார்கள். அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? பரவாயில்லையே, ஊரை மறக்காமல் இருக்கிறீர்களே என்று பாராட்டி முத்திரை குத்தினார். நான் என் தம்பியின் சேலையூர் விலாசம் எழுதிய சீட்டோடு பக்கத்தில் நின்றேன்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவன் எதை மறந்தாலும் ஊரில் யாரும் நோய் என்று நினைக்க மாட்டார்கள். தெரு மறந்தால் ஊர் அவ்வளவு மாறிவிட்டது. ஆள் பெயர் மறந்தால் ஃபாரின் திமிர். மறுநாள் சேலையூர் டீக்கடையில் இவர் டச்சில் நன்றி சொன்னபோது கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தம்பி பால் தன் காரைக் கொடுத்தான். டிரைவரும் ஏற்பாடு செய்கிறேன் என்றான். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நாற்பது வருஷமாக ஓட்டுகிறவனுக்கு டிரைவர் எதற்காம். நான் நெதர்லாந்தில் ஓட்டுவேன், ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தம்பியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இவர் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு. கூட்டத்தில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்திருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்லியிருப்பேன்?

இரண்டு நாள், மூன்று வீடு. இதுதான் திட்டம். மூன்று வீட்டுப் பெயர்களையும் செல்போனில் எழுதி வைத்துக்கொண்டேன். காரில் போகும்போது வம்பு பேசுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். இன்னார் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்றாமே, மூத்தவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாமே என்று. இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார்.

4

முதல் வீடு அனகாபுத்தூர். பல்லாவரத்தில் இடது பக்கம் திரும்பி பம்மல் வழியாகப் போனோம். வழியை இவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஏகாம்பரம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கார் நுழையாத சந்தின் முனையிலேயே காத்திருந்தார். சாமி கும்பிடுகிற இந்து வீடுதான். ஆனாலும் கிளம்பும்போது அவர் விடவில்லை.

"இன்னாடா ராஜு, ஜெபம் பண்ணாம போறியா? வெள்ளம் வந்துச்சே, அப்போ நீ போன்லயே பண்ணல? ஆத்துத் தண்ணி வாசப்படியாண்ட வந்து நின்னுச்சு, உள்ள வரல. எங்க வூட்டுக்குப் பண்ணிட்டுப் போ."

எல்லோரும் எழுந்தோம். ஏகாம்பரத்தின் மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். இவர் ஆரம்பித்தார். ஏகாம்பரத்தை ஆசீர்வதியும் என்றார். அவன் மனைவி, என்றார். நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று முறை மூச்சு விட்டேன். நாலாவதில் "கோமதி" என்று பெருமூச்சு மாதிரி சொன்னேன். "கோமதியை" என்று இவர் தொடர்ந்தார்.

செருப்பு மாட்டும்போது ஏகாம்பரம் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இன்னாமா, ராஜு ஒரு மாதிரி கீறான்?" என்று கேட்டார். பயண அலுப்பு, நேரம் மாறியதில் தூக்கமில்லை என்றேன். தூங்கினால் சரியாகிவிடும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கார் வரை வந்து, இவர் வண்டியை எடுத்துத் திருப்பி, மெயின் ரோட்டுக்கு வரும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

5

மறுநாள் காலை பெருங்களத்தூர். இவருடைய தம்பி சாமுவேலின் வீடு. சாமுவேல் மாரடைப்பில் இறந்து நாலு வருஷம் ஆகிறது. இவருக்கு ஒரே தம்பி. அப்போது எங்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. தூதரகத்துக்கு அலைந்தோம், இந்தத் தாள் பழையது, அந்தத் தாளில் கையெழுத்து இல்லை என்றார்கள். கடைசியில் ஜாம் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்துத்தான் அடக்க ஆராதனையைப் பார்த்தோம். மண் போடும் நேரத்தில் இணைப்பு போய்விட்டது. இவர் வெகுநேரம் அந்தச் சின்னத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது சாமுவேலின் மனைவி எஸ்தர், மகன் ஜோயல், மருமகள், பேத்தி என்று எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டேன். சாமுவேல் பெயரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எஸ்தர் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அதிரசமும் காபியும் கொடுத்தாள். சுவரில் சாமுவேல் படம். இவர் அதைப் பார்த்து நல்ல படம் என்றார். பேச்செல்லாம் சரியாகத்தான் போயிற்று. பேத்தியின் பெயரைக்கூட அவராகவே சொன்னார். ஜெபத்துக்கு எழுந்தபோது, கடவுளே இந்த வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்தர், ஜோயல், மருமகள், குழந்தை எல்லோரும் வரிசையாக வந்தார்கள். பிறகு அதே குரலில், "சாமுவேலை ஆபீஸ் போகையிலும் வருகையிலும் காத்தருளும். ரயில் கூட்டத்தில் பத்திரமாகக் கொண்டுவந்து சேரும் ஆண்டவரே" என்றார்.

எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்க மாட்டோம். இவர் அப்பா உபதேசியாராக இருந்தவர், அந்த விஷயத்தில் இவர் கண்டிப்பானவர். எனவே இது ஏதோ துக்கத்தில் வந்த வார்த்தை என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள எனக்கு வழியில்லை. இவருக்குத் தம்பி உயிரோடு இருந்தார். கிண்டியில் ரயில் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டு வந்துகொண்டிருந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆமென் சொன்னதும் எஸ்தர் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் நினைக்காதீங்கக்கா. அத்தான் அடக்கத்துக்கு வரல இல்ல? அவர் மனசுல எங்க வீட்டுக்காரர் இன்னும் ஆபீஸ் போய்ட்டுதான் இருக்காங்க. கேக்க எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதில் பாதி எனக்கும் உண்மைதான். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊரில் செத்தவர்கள் அரைகுறையாகத்தான் சாகிறார்கள். என் அம்மாவுக்குப் புடவை எடுக்கலாம் என்று நானே கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆனால் நான் வாசலிலேயே திரும்பிவிட்டேன்.

நான் கீழே வந்தபோது இவர் அடுக்குமாடியின் தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். போகலாமா என்றேன். காரில் ஏறினார்.

6

கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் வண்டியைச் சாலையின் வலது பக்கத்துக்குக் கொண்டுபோனார். எனக்கு இரண்டு நொடி ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, இருபத்தாறு வருஷமாக நாங்கள் போகும் பக்கம் அதுதான். பிறகு எதிரே தண்ணீர் லாரி தெரிந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இவர் பிரேக்கை மிதித்தார். லாரி முன்சக்கரம் மண்ணில் இறங்கி, தண்ணீர் மேலே சலசலத்து, எங்கள் காருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது.

"யோவ் பெருசு, எங்க வந்துகினு கீற? சாவறதுக்கு என் வண்டிதான் கெட்ச்சுதா?" என்று டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இவர் கைகூப்பினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் இறங்கி, கையைக் காட்டிக் காட்டி எங்களை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தினோம். "அந்த ஊர் பழக்கம்" என்றார் இவர். ஆமாம் என்றேன். இப்படி ஒரு தப்பு எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் வரும், எங்களுக்கு மட்டும்தான் அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கும். பழக்கமா, அதுவா என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கேளம்பாக்கத்து அக்கா வீட்டு வாசலில் நீ ஓட்டிக்கொண்டு போய் நின்றால் அவள் என்ன நினைப்பாள் என்றார்.

வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் வரை அந்த ரோட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முப்பதைத் தாண்டாமல் ஓட்டினார். பஸ்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. ஒவ்வொரு வளைவிலும் "இடது பக்கம், இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின. நான் இவர் மனைவியாக உட்காரவில்லை. வேலை செய்யும் இடத்தில் வயதானவர்களை வண்டியில் ஏற்றிப் போகும்போது உட்காருவேனே, அப்படி உட்கார்ந்திருந்தேன். அதை உணர்ந்தபோது வந்த பயம், லாரியைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது. சாமுவேலைப் பற்றி நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அக்கா வீட்டுப் பெயர்களையும் அன்று நான் எடுத்துவிடவில்லை.

7

இவருடைய அக்கா ரூத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். எழுபத்திரண்டு வயது. கணவர் இறந்த பிறகு கேளம்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். யாரையும் நேராகப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராத போதகரைக்கூட விட்டதில்லை என்பார்கள். சாப்பிடும்போது நான் அடுத்தடுத்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, என்ன கிரேஸ், சுகரா என்றார். ஒன்றுமில்லை அண்ணி என்றேன்.

கிளம்பும் நேரம் வந்தது. நான் முந்திக்கொண்டு, நீங்களே ஜெபம் பண்ணுங்க அண்ணி என்றேன். தான் தினமும் பண்ணுவதாகவும், தம்பி ஜெபத்தைக் கேட்டு ஐந்து வருஷம் ஆகிறது என்றும் சொல்லி அண்ணி எழுந்து நின்றுவிட்டார். வேறு வழியில்லை. கண்ணை மூடினேன். அண்ணியின் செத்துப்போன கணவர் பெயர் வந்துவிடக் கூடாது, சாமுவேல் பெயர் வந்துவிடக் கூடாது, இந்த அம்மாவுக்கு முன்னால் வேண்டாம் என்று நான் தனியாக ஒரு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"அன்புள்ள பரலோகப் பிதாவே" என்று இவர் ஆரம்பித்தார். பிறகு பேச்சு வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எதை எடுத்துக்கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, ஜெபக் குரலில் இல்லாமல், வீட்டில் பேசும் குரலில் பேசினார்.

"ஆண்டவரே, எனக்குப் பேருங்க வரல. காலைல சாமுவேலுக்கு ஜெபம் பண்ணிட்டேன். கீழ வந்து தபால் பெட்டில அவன் பேர அடிச்சிட்டு ஜோயல் பேர எழுதியிருந்ததப் பாத்தப்பதான் அவன் செத்தது ஞாபகம் வந்துச்சு. அதையே நினைச்சிக்கிட்டு வண்டிய எடுத்தேன். கிரேஸக் கொல்லப் பாத்தேன். இனி நான் ஓட்ட மாட்டேன். அவ கார்ல பேரெல்லாம் சொல்லிக்கிட்டே வரா. எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கேன். அவ பயந்துபோயிருக்கா. எனக்கும் ரொம்பப் பயமா இருக்கு. அவகிட்ட சொல்ல முடியல. அதனால உம்மகிட்ட சொல்றேன்."

அண்ணி அசையவில்லை. ஜெபத்தின் நடுவே எங்களில் யாரும் பேசுவதில்லை. சின்ன வயதில் அதற்காகத் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். நான் கண்ணைத் திறந்தேன். இவர் கண்ணை இறுக்கி மூடி, பரீட்சை மார்க்கைச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். எட்டு மாதமாக நான் தனியாகப் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, பக்கத்துத் தலையணையில் இவரும் தனியாகப் பயந்துகொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"எனக்கும் பயமா இருக்குங்க" என்றேன், சத்தமாக.

இவர் தலையாட்டினார். கண்ணைத் திறக்கவில்லை, ஆமென்னும் சொல்லவில்லை. கையை நீட்டித் துழாவினார். நான் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொல்லு கிரேஸ்" என்றார். "சேலையூர்லேர்ந்து ஆரம்பி. நான் பின்னாடியே வரேன்."

"பால்" என்றேன்.

"பால்" என்றார்.